கப்பல் டிக்கெட் எடுப்பதற்கு முன் சில கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எனக்கு வரும் கேள்விகளின் போக்கு மாறிவிடும். ‘எந்த நாட்டுக்குப் போகலாம்?’ என்பது குறைந்து, ‘உல்லாசக் கப்பலில் போகலாமா?’ என்பது கூடிவிடும். காரணம் புரிகிறது. அதிகாலையில் சாங்கிக்கு ஓட வேண்டாம். ஊருக்கு ஊர் பெட்டியைக் கட்டி அவிழ்க்க வேண்டாம். மரினா சவுத் பியர் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் மரினா பே உல்லாசக் கப்பல் நிலையம் நடக்கும் தூரம்தான். சாப்பாடும் படுக்கையும் பொழுதுபோக்கும் ஒரே இடத்தில். தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை சேர்ந்து போக இதைவிட வசதி என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயற்கை.

ஆனால் கேட்பவர்களில் பெரும்பாலோர் தொடங்குவது ஒரே கேள்வியில்தான்: ‘எவ்வளவு ஆகும்?’

நான் திருப்பிக் கேட்பது வேறு: ‘யார் யார் வருகிறார்கள்?’

கப்பல் பயணத்தைப் பொறுத்தவரை இதுதான் முதல் கேள்வி. உங்கள் கூட்டத்தில் யாரால் குறைவாக நடக்க முடியும், யாருக்குச் சாப்பாட்டில் கட்டுப்பாடு உண்டு, யார் மருந்து சாப்பிடுகிறார், யாருக்கு எந்த நாட்டுக் கடப்பிதழ் என்பது தெரிந்தால் கப்பல், அறை, போகும் துறைமுகம் மூன்றும் தானாக முடிவாகிவிடும். விலையிலிருந்து தொடங்கினால் இவை எல்லாம் பணம் கட்டிய பிறகுதான் நினைவுக்கு வரும். வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளை இந்த வாரம் அந்த வரிசையிலேயே பார்ப்போம். சரி, விலையை முதலில் முடித்துவிடலாம். இல்லாவிட்டால் யாரும் மேற்கொண்டு படிக்க மாட்டீர்கள்.

விளம்பரத்தில் உள்ள விலைதான் முழு விலையா?

இல்லை. பெரிய எழுத்தில் போடப்படும் விலை பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்குவதாக வைத்து ஒருவருக்கான கட்டணம். அதுவும் சன்னல் இல்லாத உள்ளறைக்கு, வார நாளில் புறப்படும் பயணத்துக்கு. தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இருவர் கட்டணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் படுப்பவர்களுக்கு விலை குறையும்.

அதன்மேல் துறைமுகக் கட்டணமும் வரியும் சேரும். பிறகு ‘கிராச்சுயிட்டி’ எனப்படும் சேவைக் கட்டணம். இது ஓர் ஆளுக்கு, ஓர் இரவுக்கு என்று கணக்கிடப்படுவது. குழந்தைகளுக்கும் பெரும்பாலும் உண்டு. ஓர் இரவுக்கு 22 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 4 பேர் கொண்ட குடும்பத்துக்கு 3 இரவுக்கு 264 வெள்ளி. இதை முன்பதிவின்போதே கட்டிவிடலாம். கட்டாவிட்டால் கடைசி நாள் கணக்கில் வந்து நிற்கும்.

பிரதான உணவகங்களில் சாப்பாடு கட்டணத்தில் அடக்கம். சிறப்பு உணவகம், மதுபானம், டின்னில் வரும் குளிர்பானம், நல்ல காப்பி, இணையம், கரையில் சுற்றுலா, புகைப்படம் ஆகியவை தனி. கப்பலில் ரொக்கம் புழங்காது. அறை அட்டையைக் காட்டினால் போதும், தொகை கடன் அட்டைக்குப் போய்விடும். பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்யும் வசதியை முதல் நாளே வாடிக்கையாளர் சேவை முகப்பில் சொல்லி நிறுத்திவைக்கலாம். விளையாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் அறை கிடைத்த குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும்.

கணக்கு எந்த நாணயத்தில் என்பதையும் பாருங்கள். சில கப்பல்களில் சிங்கப்பூர் வெள்ளி, சிலவற்றில் அமெரிக்க டாலர். இரண்டு கப்பல்களை ஒப்பிடும்போது விளம்பர விலையை அல்ல, வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மலிவு என்று நினைத்தது சில சமயம் மலிவாக இருக்காது.

‘3 இரவு, 4 நாள்’ என்பதிலும் கவனம் தேவை. முதல் நாள் பிற்பகலில்தான் ஏறுவீர்கள். கடைசி நாள் காலையிலேயே இறங்கிவிட வேண்டும். முழுதாகக் கிடைப்பது நடுவில் உள்ள 2 நாள்தான்.

எந்த அறை எடுக்கலாம்?

உள்ளறை, சன்னல் அறை, மாடம் உள்ள அறை, அதற்கும் மேலே ஆடம்பர அறைகள் என்று வகைகள் உண்டு. இளம் தம்பதியோ நண்பர்களோ என்றால் உள்ளறையே போதும். தூங்கவும் குளிக்கவும் மட்டும்தான் அங்கே போவார்கள். ஆனால் உள்ளறையில் விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. இரவில் எழுந்து தடுமாறும் முதியவருக்கும் இருட்டுக்குப் பயப்படும் குழந்தைக்கும் அது சரிப்படாது. ஒரு சிறிய இரவு விளக்கை எடுத்துச் செல்வது நல்லது.

கப்பலில் பெரும்பகுதியை அறையில் கழிக்கப்போகிறவர் யார் என்று யோசியுங்கள். அது அப்பாவோ அம்மாவோ என்றால் அவர்களுக்கு மாடம் உள்ள அறை, எதிரில் உங்களுக்கு உள்ளறை என்று எடுக்கலாம். எல்லாருக்கும் மாட அறை எடுப்பதைவிட இது சிக்கனம். மாலையில் குடும்பமே அந்த மாடத்தில்தான் கூடும்.

அறையைக் கப்பல் நிறுவனமே பிறகு ஒதுக்கும் என்ற நிபந்தனையோடு குறைந்த விலையில் விற்பார்கள். அது எங்கும் ஓடியாடக்கூடியவர்களுக்கு. நடக்கச் சிரமப்படுபவர் இருந்தால் மின்தூக்கிக்கு அருகில், நீங்களே எண் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கப்பல்கள் 300 மீட்டருக்கும் மேல் நீளமானவை. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சாப்பாட்டுக்கு நடப்பது ஒரு புளோக்கிலிருந்து சந்தைக்குப் போய் வருவது போலத்தான்.

அம்மாவால் அதிகம் நடக்க முடியாது. அழைத்துப் போகலாமா?

இந்தக் கேள்விதான் என் மனத்துக்கு நெருக்கமானது. பதில்: தாராளமாக அழைத்துப் போகலாம். ஆனால் துறைமுகத்தைப் பார்த்துப் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கப்பல் எல்லா ஊர்களிலும் கரையை ஒட்டி நிற்பதில்லை. பினாங்கில் ஜார்ஜ்டவுனின் சுவெட்டன்ஹாம் துறையில் நேராக வந்து கட்டுகிறது. பாலம் வழியாக இறங்கினால் ஊருக்குள் வந்துவிடலாம். கிள்ளான் துறைமுகத்திலும், இண்டா தீவில் உள்ள கப்பல் நிலையத்தில் அப்படியே இறங்கலாம். ஆனால் புக்கெட் போகும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பாத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிடும். அங்கிருந்து ‘டெண்டர்’ எனப்படும் சிறு படகில் ஏறிக் கரைக்குப் போக வேண்டும். அலையில் கப்பலும் படகும் வெவ்வேறாக ஆடும்போது, நடுவில் உள்ள இடைவெளியைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களைப் பல நிறுவனங்கள் படகில் ஏற்றுவதே இல்லை. கடல் கொந்தளித்தால் யாருமே இறங்க முடியாமலும் போகலாம்.

ஆகவே முதியவர்களோடு போவதென்றால் முகவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: ‘இந்தப் பயணத்தில் கப்பல் துறையில் கட்டுமா, படகில் இறங்க வேண்டுமா?’ இந்த ஒரு கேள்வி போதும்.

என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. சென்ற ஆண்டு நாங்கள் 7 பேர் சேர்ந்து போனபோது புக்கெட்டை விட்டுவிட்டுப் பினாங்கு போகும் பயணத்தை எடுத்ததற்கு அதுதான் காரணம். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அம்மா பினாங்கு என்றதும் வேறு எதையும் கேட்கவில்லை.

அம்மா 6 வயதில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர். இங்குள்ள பல குடும்பங்களில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், மூத்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று வந்துகொண்டிருந்த கப்பல் அது. போர்ட் சுவெட்டன்ஹாம்தான் இன்றைய கிள்ளான் துறைமுகம். மேல்தட்டுப் பயணிகளுக்கு அறை கிடையாது. பாயை விரித்த இடம்தான் படுக்கை.

கப்பல் மலாக்கா நீரிணையில் போய்க்கொண்டிருந்த மாலை, அம்மா மாடத்து நாற்காலியில் உட்கார்ந்து அதையெல்லாம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினார். தகரப் பெட்டி, பாட்டி கட்டிக்கொடுத்த புளிச்சோறு, இரண்டாம் நாளே வாந்தி எடுத்தது, பக்கத்துப் பாயில் இருந்த அம்மாள் எலுமிச்சம்பழம் கொடுத்தது. எனக்கே பாதி புதிது. வீட்டில் இத்தனை ஆண்டுகளில் சொல்லாததை ஏன் அங்கே சொன்னார் என்றால், அங்கே தொலைக்காட்சி இல்லை, அடுப்பு இல்லை, யாரும் எழுந்து எங்கேயும் போகவில்லை. மறுநாள் பினாங்கில் குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். தூரம் குறைவுதான். ஆனால் ஜார்ஜ்டவுனின் ஐந்தடி நடைபாதைகள் ஏற்ற இறக்கமானவை, சக்கர நாற்காலிக்கு உதவாது. அதனால் வாசல்வரை கிராப் காரில் போனோம்.

நடைமுறையில் இன்னும் சில. கப்பலில் உள்ள சக்கர நாற்காலிகள் பொதுவாக ஏறவும் இறங்கவும் மட்டும் தரப்படுபவை. பயணம் முழுதும் தேவையென்றால் சொந்த நாற்காலியைக் கொண்டுபோக வேண்டும். சாதாரண அறையின் கதவு குறுகலானது. ஆகவே மடக்கக்கூடிய நாற்காலி நல்லது. அகலமான கதவும் தடுப்பில்லாத குளியலறையும் கொண்ட அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் உண்டு. எண்ணிக்கை குறைவு என்பதால் சீக்கிரம் போய்விடும். விடுமுறைக் காலத்துக்குப் பல மாதம் முன்பே கேட்டு வையுங்கள்.

கடல் ஒத்துக்கொள்ளுமா?

சிங்கப்பூர், கிள்ளான், பினாங்கு வழித்தடம் முழுதும் மலாக்கா நீரிணைதான். ஒரு பக்கம் சுமத்ரா, மறு பக்கம் தீபகற்பம். இரண்டும் அணைத்துக் காப்பதால் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் இறக்கை போன்ற தடுப்புகள் ஆட்டத்தைக் குறைக்கின்றன. பலருக்குக் கப்பல் புறப்பட்டதே தெரிவதில்லை.

புக்கெட்டுக்கு அப்பால் அந்தமான் கடலில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அலையைக் கிளப்பும். வியட்னாம், ஹாங்காங் பக்கம் போகும் தென்சீனக் கடலில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. மயக்கம் வரும் என்று பயப்படுபவர்கள் இந்த மாதங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுத்தால் ஆட்டம் குறைவு. ஊஞ்சல் பலகையின் நடுவில் உட்காருவது போல. மாத்திரை தேவையென்றால் தலைசுற்றல் தொடங்கிய பிறகல்ல, முன்பே போட வேண்டும். வேறு மருந்து சாப்பிடுபவர்கள், முதியவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்டுவிட்டுப் போடுங்கள். இஞ்சி மிட்டாய், வெறும் ரொட்டி, காற்றோட்டமான தளத்தில் நின்று அடிவானத்தைப் பார்ப்பது ஆகியவையும் உதவும். கைத்தொலைபேசியைக் குனிந்து பார்ப்பதை நிறுத்தினாலே பாதி சரியாகிவிடும்.

சைவச் சாப்பாடு, ஹலால் உணவு கிடைக்குமா?

கிடைக்கும். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறைய. பஃபேயில் சோறு, பருப்பு, காய்கறிக் குழம்பு ஏதாவது இருக்கும். காலையில் கஞ்சியும் பெரும்பாலும் உண்டு. ஜெண்டிங் டிரீம் போன்ற கப்பல்களில் ஹலாலுக்கும் சைவத்துக்கும் தனி ஏற்பாடு இருக்கிறது.

ஆனால் ‘சைவம்’ என்ற சொல்லுக்கு எல்லாரும் ஒரே பொருள் கொள்வதில்லை. முட்டை கூடாது, மீன் சாஸ் கூடாது, வெங்காயம் பூண்டு கூடாது என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். முன்பதிவின்போது ஒரு முறை, முதல் இரவு சாப்பாட்டு மேசையில் தலைமைப் பரிமாறுபவரிடம் ஒரு முறை. முதல் இரவே சொல்லிவிட்டால் மறுநாளுக்குத் தனியாகச் செய்து கொடுக்கப் பல கப்பல்களில் தயாராக இருப்பார்கள். கடைசி இரவு குறை சொல்வதில் பயனில்லை. புரட்டாசி விரதம் இருப்பவர்கள், கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள், நீரிழிவுக்காரர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும்.

வீட்டில் சமைத்த உணவைக் கொண்டுபோக விடமாட்டார்கள். பிரிக்காத முறுக்குப் பொட்டலம், பிஸ்கட் பிரச்சினையில்லை. அரிசி குக்கர், மின்கேத்தல், இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம். தீ அபாயம் என்பதால் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நீட்டிப்பு வயர்களுக்கும் பல கப்பல்களில் தடை.

கைக்குழந்தை, கர்ப்பிணி, பேரப்பிள்ளை?

பெரும்பாலான நிறுவனங்கள் 6 மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. நீண்ட கடல்வழிப் பயணம் என்றால் 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு 24 வாரம்தான் எல்லை. ஏறும் நாளில் அல்ல, இறங்கும் நாளில் எத்தனை வாரம் என்று கணக்கிடுங்கள். மருத்துவரின் கடிதமும் தேவைப்படும்.

டயபர் கட்டிய குழந்தைகளைப் பொதுவாக நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். பிள்ளைகளுக்கான விளையாட்டு மையம் பெரும்பாலும் 3 வயதிலிருந்து, தானாகக் கழிவறை போகத் தெரிந்தவர்களுக்கு. ‘பிள்ளையை அங்கே விட்டுவிட்டு ஓய்வெடுக்கலாம்’ என்று திட்டம் போடும் இளம் பெற்றோர் வயது வரம்பை முதலில் பாருங்கள். பல கப்பல்களில் நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் இருப்பதில்லை. பெரியவர் ஒருவர் கண்ணை எடுக்காமல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தாத்தா பாட்டி மட்டும் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போவதானால், பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றிதழ் நகலும் கேட்கப்படலாம். பெற்றோரில் ஒருவர் மட்டும் போகும்போதும் அப்படியே. முன்கூட்டியே நிறுவனத்திடம் கேட்டு அவர்கள் சொல்லும் படிவத்திலேயே தயார் செய்யுங்கள்.

ஆவணங்கள்: எல்லாருக்கும் ஒரே விதி இல்லை

கடப்பிதழ் 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். சிக்கல் வருவது ஒரு குடும்பத்தில் வெவ்வேறு கடப்பிதழ்கள் இருக்கும்போது.

தமிழகத்திலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போக நினைக்கிறீர்களா? கப்பல் இங்கிருந்து கிளம்பியதும் அவர்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. திரும்பி வருவது புதிய நுழைவு. ஆகவே அவர்களிடம் பலமுறை நுழையக்கூடிய சிங்கப்பூர் விசா இருக்க வேண்டும். நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதி காலாவதியாகவில்லை என்று பார்க்க வேண்டும். போகும் நாட்டின் விதியும் முக்கியம். ‘நாங்கள் பினாங்கில் இறங்கவே மாட்டோம், கப்பலிலேயே இருப்போம்’ என்று சொல்லித் தப்ப முடியாது. ஆவணம் சரியில்லை என்றால் சிங்கப்பூரிலேயே ஏற்ற மாட்டார்கள். பணமும் திரும்பக் கிடைக்காது. இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் விசா விலக்கு அளிக்கிறது. அது காலவரம்போடு நீட்டிக்கப்படும் சலுகை. உங்கள் பயணத் தேதிக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லப் பணிப்பெண் உடன் வந்தால் அவருடைய கடப்பிதழுக்கும் தனியாக விசாரியுங்கள்.

தாய்லாந்து 2025 மே 1 முதல் வெளிநாட்டவர் அனைவருக்கும் மின்னிலக்க வருகை அட்டையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சிங்கப்பூர் திரும்பும்போதும் வருகை அட்டை உண்டு. தரைவழி வரும் சிங்கப்பூரர்களுக்கு விலக்கு இருப்பதால் கடல்வழிக்கும் விலக்கு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. கடல்வழி வந்தால் சிங்கப்பூரரும் நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் நிரப்பலாம். கட்டணம் இல்லை. காசு கேட்கும் இணையப்பக்கம் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்துடையது அல்ல.

அலுவலக மின்னஞ்சல் பார்க்க முடியுமா?

இளம் வாசகர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. கப்பலின் வைஃபை தனிக் கட்டணம். எத்தனை கருவி, எத்தனை நாள் என்று பார்த்து விற்பார்கள். கரையில் கிடைக்கும் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். முக்கியமான காணொளிக் கூட்டத்தைக் கப்பலில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அதைவிட முக்கியம்: கப்பல் கிளம்பியதும் கைத்தொலைபேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் உங்கள் தொலைபேசி, செயற்கைக்கோள் வழி இயங்கும் கப்பல் கட்டமைப்பில் தானாக இணைந்துவிடலாம். சாதாரண மலேசியா, தாய்லாந்து ரோமிங் திட்டங்கள் அதற்குப் பொருந்தாது. பையில் சும்மா கிடந்த தொலைபேசிக்கே மாதக் கடைசியில் பெரிய தொகை வந்துவிடும். பாட்டி, பிள்ளைகள் எல்லாருடைய தொலைபேசியையும் நீங்களே வாங்கி மாற்றுங்கள். வைஃபையை மட்டும் தனியாகத் திறந்துகொள்ளலாம்.

கரையில் இறங்கினால் எப்போது திரும்ப வேண்டும்?

கப்பல் கிளம்பும் நேரத்துக்கு அல்ல. அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். அந்த நேரம் தினமும் அறிவிக்கப்படும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தாய்லாந்து நேரம் நம்மைவிட 1 மணி நேரம் பின்னால். புக்கெட்டில் இறங்கியதும் உங்கள் தொலைபேசி தாய்லாந்து நேரத்துக்குத் தானாக மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கலாம். தொலைபேசியில் 4 மணி என்று நிதானமாக இளநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். கப்பலில் மணி 5 ஆகியிருக்கும். ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொண்டு இறங்குங்கள்.

கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனால், பேருந்து தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கோ சிங்கப்பூருக்கோ சொந்தச் செலவில் வந்து சேர வேண்டியதுதான். பினாங்கு போல ஊர் துறைக்குப் பக்கத்தில் இருந்தால் சொந்தமாகச் சுற்றுவதில் பயமில்லை. கிள்ளானில் இறங்கிக் கோலாலம்பூர் போவதென்றால் ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெரிசலில் இன்னும் கூடும். கோபுரத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கப்பல் சுற்றுலாவில் போங்கள். இல்லையென்றால் கிள்ளான் தெங்கு கிளானா சாலை லிட்டில் இந்தியாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேலை, இனிப்பு, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் அங்கேயே உண்டு.

ஏறும் நாளில்

பெரிய பெட்டிகளை நிலையத்தில் கொடுத்துவிடுவோம். அவை அறைக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம். மருந்து, கடப்பிதழ், குழந்தையின் பால், டயபர், நீச்சல் உடை, ஒரு மாற்றுத் துணி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். ஜோகூரிலிருந்து வருகிறவர்கள் கடற்பாலத்தை நம்பி மதியம் கிளம்பாதீர்கள். பதிவு முகப்பு கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே மூடிவிடும். சென்னையிலிருந்து பெற்றோர் வருகிறார்கள் என்றால் ஒரு நாளாவது முன்னதாக வரட்டும்.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி இருக்கும். எந்த இடத்தில் கூட வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படி அணிவது என்று காட்டுவார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கோர்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தனர். அன்று ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு இந்தப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இதை நடத்த வேண்டும் என்று அனைத்துலக விதி கடுமையாக்கப்பட்டது. பஃபே வரிசையை விட்டு அங்கே முதலில் போங்கள். முதியவரையும் கூட்டிப் போய் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்?

கப்பலில் மருத்துவரும் தாதியரும் உண்டு. கட்டணமும் உண்டு, அது குறைவல்ல. மெடிஷீல்டு லைஃப் கைகொடுக்கும் என்று எண்ண வேண்டாம். பயணக் காப்புறுதி எடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: உல்லாசக் கப்பல் பயணத்துக்குப் பொருந்துமா, ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பொருந்துமா, நடுக்கடலிலிருந்து அவசரமாகக் கரைக்குக் கொண்டுவரும் செலவைத் தருமா? அப்பாவுக்கு இதய நோய், அம்மாவுக்கு நீரிழிவு என்றால் இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. ‘ஆமாம்’ என்று வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி, இரவில் மூச்சுக் கருவி போன்றவை தேவையென்றால் முன்பே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். மருந்தைப் பயண நாட்களைவிட இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமிக்குக் கைத்தூய்மித் திரவத்தைவிடச் சோப்பும் தண்ணீரும்தான் சரியான எதிரி.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். விளம்பரத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் வருபவர்கள் பெயரை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் வயது, கடப்பிதழ், மருந்து, சாப்பாடு, எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று குறியுங்கள். நீளமான குறிப்பு யார் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறதோ, அவருக்கு ஏற்ற கப்பலைத் தேடுங்கள். அவருக்குச் சரியாக இருந்தால் மற்ற எல்லாருக்கும் சரியாக இருக்கும். அந்தத் தாளை அப்படியே முகவரிடம் நீட்டுங்கள். அதில் உள்ளவற்றுக்கு அவர் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னால் அங்கேயே பணம் கட்டலாம். ‘அதெல்லாம் ஏறின பிறகு பார்த்துக்கலாம்’ என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.